பொன்னும் பவளமும் பூண்ட கல்: திபெத்தியச் சிற்பத்தைப் பார்க்கவும் வாங்கவும் பேணவும் ஒரு வழிகாட்டி

கற்சிற்பம் என்றதும் தமிழ்நாட்டில் வளர்ந்த கண்ணுக்கு மாமல்லபுரத்துப் பாறையும் தாராசுரத்துத் தூணும்தான் நினைவுக்கு வரும். பூச்சில்லாத கல், உளி பட்ட இடம் அப்படியே தெரியும் கல். அதே கண்ணோடு ஒரு திபெத்தியச் சிற்பத்தின் முன்னால் போய் நின்றால் முதலில் திகைப்புதான். முகம் முழுக்கத் தங்கப் பூச்சு, தலைமுடியில் நீலம், உதட்டில் சிவப்பு, சில இடங்களில் பவளமும் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும். நல்ல கல்லை இப்படிப் பூசி மறைத்துவிட்டார்களே என்று பலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருத்தம் தேவையில்லை. நம் கல்லும் ஒரு காலத்தில் வண்ணம் பூண்டதுதான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுதைப் பூச்சும் வண்ணமும் இன்றும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் அது உதிர்ந்துபோனது. திபெத்தில் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அங்கே உளி வேலை முடிந்தால் சிற்பம் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி பொன், வண்ணம், மணி. அதைப் பூசியவர்கள் பக்தர்கள். பூசியதற்குக் காரணம் காணிக்கை. ஆகவே திபெத்தியக் கற்சிற்பத்தைக் கற்றுக்கொள்ள வருபவர் கல்லை மட்டும் பார்த்தால் போதாது. மேலே உள்ள அடுக்குகளையும் படிக்கத் தெரிய வேண்டும். எந்த வரிசையில் தொடங்கலாம் என்பதை இங்கே சொல்கிறேன்.

எவையெல்லாம் இதில் அடங்கும்

மூன்று வகைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதலாவது, பாறையிலேயே செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள். லாசா நகரில் சக்போரி குன்றின் பாறை முகத்தில் ஆயிரக்கணக்கான உருவங்கள் இருக்கின்றன; மஞ்சளும் சிவப்பும் நீலமும் பூசப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பொலிவு பெறுபவை. இரண்டாவது, மணிக் கற்கள். "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற ஆறெழுத்து மந்திரத்தையோ ஒரு தெய்வ உருவத்தையோ பலகைக்கல்லில் செதுக்கி, வழியோரம் அடுக்கி வைப்பது வழக்கம். கிழக்குத் திபெத்தில் யூஷு நகருக்கு அருகே கியானாக் மணி என்ற இடத்தில் இப்படிச் சேர்ந்த கற்கள் ஒரு சிறு நகரம்போல் குவிந்திருக்கின்றன. சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் கட்டட வேலைக்கென அங்கிருந்து கற்களை அள்ளிச் சென்றார்கள். 2010 ஏப்ரலில் வந்த நிலநடுக்கம் மறுபடி கலைத்துப் போட்டது. இரண்டு முறையும் மக்கள் கல் கல்லாகச் சேர்த்து எழுப்பினார்கள்.

மூன்றாவது வகைதான் அருங்காட்சியகங்களிலும் கடைகளிலும் நாம் எதிர்கொள்வது. ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை உயரமுள்ள சிறு படிமங்கள். கருங்கல் நிறத்தில் இருந்தாலும் நம் ஊர்க் கருங்கல்லைப்போல் கடினமானவை அல்ல. மெல்லிய மணிகளைக்கூடச் செதுக்க இடம் கொடுக்கும் மென்மையான கற்கள். பொன்னும் பதித்த மணியும் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே. கட்டுரையின் பெரும்பகுதியும் இவற்றுக்குத்தான்.

முதலில் போய்ப் பாருங்கள்

வாங்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் பழக வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு லடாக் நல்ல பள்ளிக்கூடம். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில், கார்கிலைத் தாண்டி முல்பெக் என்ற ஊரில், சாலையோரப் பாறையில், இனி வரப்போகும் புத்தராகக் கருதப்படும் மைத்ரேயர் நிற்கிறார். ஏறத்தாழ 9 மீட்டர் உயரம், நான்கு கைகள். முன்னால் ஒரு சிறு கோயில் கட்டியிருப்பதால் காலைப் பார்க்க உள்ளே போக வேண்டும். வெளியே நின்றால் மார்பும் முகமும்தான் தெரியும். காஷ்மீரச் சிற்ப மரபின் சாயல் அதன் உடற்கட்டில் இருக்கிறது. லேக்கு அருகே ஷே கிராமத்தில் சாலையோரப் பாறையில் ஐந்து புத்தர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் வாகனங்களைத் தேடிப் பாருங்கள்: சிங்கம், யானை, குதிரை, மயில், கருடன். உருவத்தை அடையாளம் காணும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

லடாக்கில் நடக்கும்போது நீண்ட மணிச் சுவர்கள் குறுக்கே வரும். சுவர் உங்கள் வலப்புறம் இருக்கும்படி நடந்து கடக்க வேண்டும். கோயிலை வலம் வருவதும் இதே முறைதான். கல்லின்மேல் உட்காரக் கூடாது, ஏறிப் படம் எடுக்கக் கூடாது. ஒரு கல்லைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது. அது யாரோ ஒருவர் இறந்தவருக்காகவோ நோயாளிக்காகவோ செதுக்கக் கொடுத்து, கொண்டுவந்து வைத்த கல். கடையில் "பழைய மணிக்கல்" என்று விற்றால் அதையும் வாங்காதீர்கள். ஏதோ ஒரு சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு கேங்டாக்கில் நம்கியால் திபெத்தியவியல் நிறுவனம் இருக்கிறது. தரம்சாலாவில் திபெத்திய நூலகத்தோடு சேர்ந்த காட்சிக்கூடம் இருக்கிறது. நேபாளம் போகிறவர்கள் பாட்டன் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். திபெத்தியச் சிற்பங்களுக்குப் பின்னால் இருந்த கைகளில் பல, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் கைகள் என்பது எனக்கு அங்கேதான் உறைக்கத் தொடங்கியது. 1260-ஐ ஒட்டித் திபெத்தில் ஒரு பொன் ஸ்தூபி எழுப்ப நேபாளத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட கலைஞர் குழுவுக்குத் தலைமை ஏற்ற அரனிகோ அப்போது இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். பின்னால் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அரசவைக்கே போய்விட்டார்.

ஒரே ஒரு சிற்பத்தை ஆழமாகப் பாருங்கள்

நூறு படிமங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நின்று பார்ப்பது நல்லது. நான் பரிந்துரைப்பது பாரிஸில் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கும் மகாகாளர், பௌத்தத்தின் உக்கிரக் காவல் தெய்வம். லியோனல் ஃபூர்னியே என்ற சேகரிப்பாளர் அளித்த கொடையில் வந்தது. நேரில் போக முடியாவிட்டாலும் நல்ல படங்கள் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

உயரம் அரை மீட்டருக்குள்தான். ஆனால் எதிரே நின்றால் ஆளை அழுத்தும் கனம் அதில் இருக்கிறது. குட்டையான உருவம், பருத்த வயிறு, உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, மூன்று கண்கள். மார்புக்கு நேரே வலக்கையில் வளைந்த வெட்டுக்கத்தி, இடக்கையில் கபாலம். இரண்டு முழங்கைகளின் மேலும் குறுக்காக ஒரு மரத்தடி கிடக்கிறது. மடங்களில் துறவிகளைக் கூட்டத் தட்டும் தடி அது. அந்தத் தடியைக் கண்டால் போதும், இவர் "கூடாரத்தின் காவலர்" என்று பெயர் பெற்ற மகாகாளர் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். திபெத்திய பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான சாக்ய மரபினர் இவரைத் தங்கள் காவல் தெய்வமாகக் கொண்டார்கள். அவர்கள் வழியாக மங்கோலிய அரசவையும் ஏற்றது.

இந்தச் சிற்பத்தின் தனிச்சிறப்பு அதிலுள்ள கல்வெட்டு. 1292 என்ற ஆண்டுக்கு அது பொருந்துகிறது. செதுக்கக் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. செதுக்கிய கலைஞர் கொன்சோக் கியாபின் பெயரும் இருக்கிறது. குப்லாய் கானின் குருவாக இருந்து 1280-இல் மறைந்த பக்பா லாமாவையும் அது நினைவுகூர்கிறது. திபெத்தியச் சிற்பங்களில் பெரும்பாலானவை ஊர் பேர் இல்லாதவை. ஆண்டும் கலைஞரும் தெரிந்த ஒன்று கிடைப்பது அரிது. அதனால் மற்றவற்றின் காலத்தைக் கணிக்க இதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது மேல் அடுக்குகளைப் பாருங்கள். கரிய கல்லில் அணிகலன்களின் மேல் பொன் இழையோடுகிறது. வண்ணத்தின் எச்சங்கள் அங்கங்கே தங்கியிருக்கின்றன. எல்லா இடத்திலும் பொன் இல்லை, பொன்னின் இடையே கல் தெரிகிறது. மகாகாளரின் மேனி நிறமே கறுப்பு ஆதலால், கல்லை அப்படியே விட்டுவிட்டு அணிகளுக்கு மட்டும் பொன் கொடுப்பது இங்கே பொருத்தமாகிவிடுகிறது. சாந்தமான புத்தர் படிமமாக இருந்தால் முகமும் மேனியும் பொன்னாகியிருக்கும். எங்கே பூசுவது, எங்கே விடுவது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெய்வத்தின் இயல்பு.

கல் எது என்று பாருங்கள்

கடையிலோ ஏலத்திலோ ஒரு படிமம் கைக்கு வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது கல். கறுப்பும் சாம்பலும் கலந்த, மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கும் இயல்புள்ள கற்கள், மாக்கல் வகைகள், இளமஞ்சள் நிறத்தில் மெழுகுபோல் வழவழப்பான பைரோஃபிலைட். இவையே அதிகம் காணப்படுபவை. இந்த மஞ்சள் கல்லில் புத்தரின் வாழ்க்கையின் எட்டு நிகழ்ச்சிகளையும் உள்ளங்கை அகலத்துக்குள் செதுக்கிய சிறு பலகைகள் உண்டு. பால வம்ச அரசர்கள் கால பீகார்-வங்கச் சிற்ப மரபைச் சேர்ந்தவை. திபெத்திய மடங்களில் பொக்கிஷமாகக் காக்கப்பட்டவை. சிலவற்றின்மேல் திபெத்துக்கு வந்தபின் பூசிய தங்கமும் நீலமும் இருக்கின்றன. செதுக்கியது ஓர் ஊர், பொன் பூசியது இன்னோர் ஊர். இரண்டுக்கும் இடையே நூற்றாண்டுகள்கூட இருக்கலாம்.

கல்லே இல்லாதவையும் கல் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. கல்பொடியைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த உருவங்கள்தான் சந்தையில் அதிகம். கண்டுபிடிப்பது கடினமல்ல. கையில் எடுத்தால் எதிர்பார்த்த கனம் இருக்காது. கல்லுக்கே உரிய குளிர்ச்சியும் இருக்காது. பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும், அல்லது அதைத் தேய்த்து மறைத்த தடம் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவுக் குமிழித் துளைகள் தெரியும். அதே கடையில் அதே கீறலோடு இன்னொன்றும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. சூடான ஊசியால் குத்திப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அடுத்தவர் பொருளில் ஓட்டை போடும் சோதனை எதுவும் வேண்டாம்.

உளித்தடத்தையும் பாருங்கள். கையால் செதுக்கியதில் காதுக்குப் பின்னால், கைக்கும் உடலுக்கும் இடையில், பீடத்தின் பின்பக்கத்தில் வேலை சற்றுக் கரடுமுரடாக இருக்கும். இயந்திரச் சக்கரத்தால் வெட்டியதில் பள்ளங்களின் அடியில் ஒரே அளவான, இணையான சுழல் கோடுகள் இருக்கும். புது வேலை என்பது குற்றமல்ல. புதியதைப் பழையது என்று விற்பதுதான் குற்றம்.

யாருடைய உருவம்

இதற்குத் தனிப் புத்தகமே வேண்டும். தொடக்கத்துக்குச் சில அடையாளங்கள் போதும். வலக்கை தரையைத் தொட்டால் ஞானம் பெற்ற கணத்துச் சாக்கியமுனி (ஐந்து புத்தர்களில் ஒருவரான அக்ஷோப்யரும் இதே முத்திரையில் இருப்பார், கவனம்). வாளும் ஏடும் மஞ்சுஸ்ரீ. நான்கு கைகளில் இரண்டு கூப்பி, மற்ற இரண்டில் ஜபமாலையும் தாமரையும் இருந்தால் அவலோகிதேஸ்வரர். வலக்காலை இறக்கி வைத்து, கையில் மலர்க்கொடியோடு அமர்ந்தவள் பச்சைத் தாரை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெற்றியிலும் கண் இருந்தால் வெள்ளைத் தாரை. இரண்டு காலையும் தொங்கவிட்டு, தலையில் சிறு ஸ்தூபியோடு இருப்பவர் மைத்ரேயர். மீசையும் தொப்பியும் தோளில் சாய்ந்த கோலும் பத்மசம்பவர். கையைக் காதருகே வைத்துப் பாடுபவர் துறவிக் கவிஞர் மிலரேபா.

ஆயுதம் உடைந்துபோயிருந்தால் வண்ணம் கைகொடுக்கும். புத்தர்களின் முடி நீலம். உக்கிரத் தெய்வங்களின் முடி செந்தழல் நிறம். இதற்காகவும்தான் பூச்சைச் சுரண்டக் கூடாது என்கிறேன்.

பொன்னைப் படிப்பது

இங்கே நிதானம் தேவை.

செம்புப் படிமத்துக்குப் பொன் முலாம் இடுவது பாதரச வழி. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் செம்போடு ஒட்டிக்கொள்ளும். கல்லில் அது நடக்காது. ஆகவே "நெருப்பில் முலாம் போட்ட கற்சிற்பம்" என்று ஒரு வியாபாரி சொன்னால் அவருக்குப் பொருளைப் பற்றித் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கல்லுக்கு உரியது குளிர்ப்பொன். சுத்தமான தங்கப்பொடியைத் தோல் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்தபின் பளபளப்பு வேண்டிய இடத்தில் அகேட் கல் பதித்த முனையால் அழுத்தித் தேய்ப்பார்கள். பளபளக்காத பொன் ஒரு நிறம், தேய்த்த பொன் இன்னொரு நிறம். இரண்டையும் வைத்து ஆடையின் ஓரத்தில் பூவேலையே வரைந்துவிடுவார்கள். திபெத்தில் படிமத்தின் முகத்துக்கு இந்தப் பொன் பூசுவது பெரும் புண்ணியம். லாசாவின் ஜோகாங் கோயிலில் உள்ள ஜோவோ புத்தருக்கு இன்றும் பக்தர்கள் பொன் கொடுத்து முகத்தில் பூசச் சொல்கிறார்கள். அது உலோகப் படிமம் என்றாலும் வழக்கம் ஒன்றுதான். கெலுக் மரபைத் தோற்றுவித்த துறவி சோங்கபா 1409-இல் பெரும் பிரார்த்தனைத் திருவிழாவைத் தொடங்கியபோது அந்தப் படிமத்துக்குப் பொன்முடி சூட்டினார். அதன்பின் வந்த தலைமுறைகள் டர்காய்ஸும் பவளமும் முத்துமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

இதனால் ஒன்று நடக்கிறது. பொன்மேல் பொன் ஏறி முகத்தின் கூர்மை மழுங்குகிறது. மூக்கின் முனை உருண்டு, இமையின் கோடு நிரம்பி, உதட்டின் ஓரம் மங்கிவிடுகிறது. புதிதாகப் பார்ப்பவர் இதைச் சிற்பியின் திறமைக்குறைவு என்று எண்ணிவிடுவார். உடலின் மற்ற பகுதிகளில் உள்ள நகைகளைப் பாருங்கள். அங்கே வேலை துல்லியமாக இருந்து முகம் மட்டும் மழுங்கியிருந்தால், அது வழிபாட்டின் தடம். விலையைக் குறைக்கச் சொல்லும் காரணம் அல்ல. படிமம் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் அதே லென்ஸ்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்துப் பாருங்கள். உண்மைப் பொன் பூச்சில் தூரிகைக் கோடுகள் மென்மையாகத் தெரியும். மேடான இடங்களில் தேய்ந்து, பள்ளங்களில் தங்கியிருக்கும். வெடிப்புகள் பசை சுருங்கியதால் வந்த வலைபோல் இருக்கும். நிறம் எங்கும் மாறியிருக்காது, ஏனெனில் தங்கம் கறுப்பதில்லை. பித்தளைப் பொடி கலந்த பெயின்ட் என்றால் தனித்தனிச் செதில்களாக மினுக்கும். பள்ளங்களில் பச்சையோ பழுப்போ ஏறியிருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் அழுக்கு ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கும். வெண்ணெய் விளக்கின் கரி அப்படிப் படியாது. அது கீழிருந்து மேலே எழுவதால் மோவாய்க்கு அடியிலும் திருவாசியின் உட்புறத்திலும்தான் அதிகம் சேரும்.

பதித்த மணிகள்

திபெத்தியர்கள் உயர்வாக எண்ணும் ஐந்து பொன், வெள்ளி, டர்காய்ஸ், பவளம், முத்து. கடலே இல்லாத நாட்டில் பவளத்துக்கும் முத்துக்கும் இத்தனை மதிப்பு. மத்தியதரைக் கடல் பவளம் வணிகர்கள் கைமாறி அந்த உயரம் வரை ஏறிப் போயிருக்கிறது. டர்காய்ஸை வடஇந்தியாவில் ஃபிரோசா என்பார்கள். பாரசீகத்திலிருந்தும் அது வந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள். மணி பதிப்பது செம்புப் படிமங்களில்தான் மிகுதி. கல்லில் மணி பதிக்கக் குழி தோண்டினால் கல் பிளக்கக்கூடும் என்பதால் பழைய கற்சிற்பங்களில் அது அளவாகவே இருக்கும். பல சமயம் மணிகள் கல்லில் இருக்காது. பின்னால் செய்து சூட்டிய உலோகக் கிரீடத்திலோ கழுத்தணியிலோ இருக்கும். தலை முதல் கால் வரை டர்காய்ஸும் பவளமும் அப்பிய கற்சிற்பத்தைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன். சுமாரான வேலைப்பாட்டை மறைக்க மணி நல்ல திரை.

டர்காய்ஸுக்குப் பதிலாகச் சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல் வரும். லென்ஸில் பார்த்தால் வெடிப்புகளில் நீலம் அடர்ந்து தேங்கியிருக்கும். பவளத்துக்குப் பதிலாகச் சாயமிட்ட மூங்கில் பவளமோ கண்ணாடியோ வரும். கண்ணாடியில் குமிழி இருக்கும். உண்மைப் பவளத்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். பழைய பதிப்பில் மணிகள் ஒன்றுபோல் இருக்காது. உதிர்ந்த இடத்தில் வேறு காலத்து மணி வந்து உட்கார்ந்திருக்கும், நிறமும் சற்று வேறாக இருக்கும். எல்லா மணியும் ஒரே அளவு, ஒரே நிறம், விளிம்பில் பளபளக்கும் பசை என்றால் அது நேற்றைய வேலை. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துச் சாயத்தைச் சோதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை உதிரி மணியில் மட்டும் செய்யுங்கள். படிமத்தின் அருகே அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

முதுகும் அடியும்

முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம்தான் பார்ப்பவருக்கு. நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பதுபோல் அங்கும் பிரதிஷ்டைச் சடங்கு உண்டு, ரப்னே என்பார்கள். மந்திரம் எழுதிய காகிதச் சுருள்கள், தானியம், மூலிகை, புனிதப் பொருள்கள் ஆகியவற்றைப் படிமத்தின் உள்ளே வைத்து மூடுவார்கள். கல் படிமத்தில் இதற்குப் பின்புறத்திலோ அடியிலோ சிறு குழி குடைந்திருப்பார்கள். பின்பக்கத்தில் தலை, தொண்டை, மார்புக்கு நேராக ஓம், ஆ:, ஹூம் என்ற எழுத்துகள் செந்நிறத்தில் இருக்கக்கூடும். குழியின் மூடி அசையாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். திறந்தால் பக்தி வழியிலும் ஆய்வு வழியிலும் இழப்புதான். குழி காலியாக இருந்தால் யாரோ கொள்ளையடித்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். பொருள் எங்கிருந்து வந்தது என்று இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள்

சிலைத் திருட்டின் வலி தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-இல் திரும்பி வந்தார். இமயமலைப் பகுதியின் கதையும் அதுதான். பாட்டன் நகரத்துத் தெருக்கோயில் ஒன்றிலிருந்து 1984-இல் களவுபோன லட்சுமி-நாராயணர் கற்சிற்பம் அமெரிக்காவின் டாலஸ் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது; 2021-இல்தான் நேபாளத்துக்குத் திரும்பியது. திபெத்திலோ 1966-க்குப் பின் மடங்கள் இடிக்கப்பட்டபோது சிதறியவற்றுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நேபாளத்திலும் நூறாண்டு கடந்த பொருளை வெளியே எடுக்கத் தடை. புதிய சிலைக்குக்கூட, பழையதுபோல் தோன்றினால், காத்மாண்டுவில் தொல்லியல் துறையின் முத்திரையும் சான்றும் வாங்கிக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் கேட்பார்கள். பவள வகைகள் சிலவற்றுக்கு இந்திய வனவிலங்குச் சட்டத்திலும் பன்னாட்டு வணிக விதிகளிலும் தடையோ கட்டுப்பாடோ இருப்பதால், பவளம் பதித்த பொருளை எல்லை தாண்டிக் கொண்டுவருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: இது யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு முதல், பழைய புகைப்படமோ ரசீதோ இருக்கிறதா. "ஒரு பழைய குடும்பத்திலிருந்து" என்ற பதிலை ஏற்காதீர்கள். பண்பாட்டுச் சொத்துக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அதற்கு முன்பே வெளியே இருந்தது என்று காட்டும் சான்று உள்ளதா என்றுதான் இன்று நல்ல அருங்காட்சியகங்கள் கேட்கின்றன. நீங்களும் அதையே கேளுங்கள்.

என் பரிந்துரை: முதல் முறை வாங்குபவர் புதிய வேலையை வாங்குங்கள். பாட்டனில் கல் செதுக்கும் நேவார் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உருவத்தைச் சொல்லி, கல்லைத் தேர்ந்தெடுத்து, முகத்துக்கு உண்மைத் தங்கம் பூச வேண்டும் என்று கேட்டுச் செய்யச் சொல்லலாம். செய்தவர் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். கொன்சோக் கியாப் தன் பெயரைப் பொறித்துப்போனதால்தானே இன்று அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

வீட்டுக்கு வந்தபின்

நம் வீடுகளில் கல் விக்கிரகம் என்றால் எண்ணெய்க் காப்பு, பால், தயிர், சந்தனம், மஞ்சள் என்று கை தானாகப் போகும். பொன் பூசிய திபெத்தியக் கல்லுக்கு இவற்றில் ஒன்றுகூட ஆகாது. குளிர்ப்பொன்னைப் பிடித்து வைத்திருப்பது தோல் பசை. தண்ணீர் பட்டால் ஊறிக் கழன்றுவிடும். பவளமும் முத்தும் சுண்ணாம்புச் சத்து; தயிரும் எலுமிச்சையும் புளியும் அவற்றை அரிக்கும். டர்காய்ஸ் நுண்துளைகள் உள்ள கல். எண்ணெய் குடித்து நீலம் போய்ப் பச்சையாகிவிடும். பித்தளையைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்து ஒரே காலையில் நூறாண்டுப் பொன்னை இழந்துவிடலாம்.

வழிபட விரும்பினால் திபெத்திய முறையே எளியது. படிமத்தின் முன்னால் ஏழு கிண்ணங்களில் காலையில் சுத்தமான தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்து, மாலையில் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைப்பார்கள். பூவைத் தலையில் வைக்காமல் பக்கத்தில் குவளையில் வையுங்கள். விளக்கும் ஊதுபத்தியும் ஒரு கை நீளமாவது தள்ளி இருக்கட்டும், கற்பூரம் வேண்டாம்.

கடலோர ஊர்களில் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. மழைக்காலத்தில் பசை ஊறிப் பூஞ்சை பிடிக்கும், பின் ஏ.சி. காற்றில் காய்ந்து சுருங்கிச் செதில் எழும். ஏற்ற இறக்கம்தான் கெடுக்கிறது. கண்ணாடிப் பேழையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஏ.சி. நேராக வீசாத, வெயில் விழாத சுவரில் இடம் கொடுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள், துணியால் துடைக்காதீர்கள். தூக்கும்போது திருவாசியையோ கையையோ பிடிக்காமல் இரண்டு கையாலும் பீடத்தின் அடியைத் தாங்குங்கள். வந்த முதல் நாளே நான்கு பக்கமும் அடியும் படம் எடுத்து வையுங்கள். மாற்றம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும்.

செதில் உதிரத் தொடங்கினால் ஃபெவிகாலையோ வார்னிஷையோ தேடாதீர்கள். உதிர்ந்த துணுக்குகளை, மண்போல் இருந்தாலும், தாளில் மடித்து, எந்த இடத்திலிருந்து, எந்த நாளில் விழுந்தது என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். படிமத்தை அசைக்காமல் பெட்டியால் மூடிவிட்டு, சிற்பப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது; யாரை அணுகலாம் என்று அங்கே விசாரிக்கலாம். அவர் வரும்வரை அந்தத் தாள் மடிப்பைத் தொலைக்காமல் வைத்திருங்கள். சிறு துணுக்கையும் பழைய இடத்திலேயே ஒட்ட அவர்களால் முடியும்.